ஐந்து கோழிகளும் ஒரு நொண்டி நாயும்

நவம்பர் மாதத்தில் ஐந்து நாள் எங்கள் ஊரில் யாரும் கத்தரிக்கோலைத் திறக்கமாட்டோம். அவை ஓநாய் நாட்கள். இங்கே கத்தரிக்கோல் வாயைத் திறந்தால் அங்கே மலையில் ஓநாய் வாயைத் திறக்கும் என்பது பல்கேரியாவின் இந்த மூலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதல் நாளுக்கு முந்தின மாலையே பெண்கள் கத்தரிக்கோல், கம்பி வெட்டும் குறடு, ஆட்டு மயிர் கத்தரிக்கிற கத்தரி எல்லாவற்றையும் சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டி அலமாரிக்குள் வைத்துவிடுவோம். ரொட்டியைக்கூடக் கையால் பிய்த்துத்தான் தின்போம்.

நான் தையல்காரி. ஓநாய் நாளில் தைத்த சட்டையைப் போட்டவனை ஓநாய் தின்றுவிடும் என்பதால் அந்த வாரம் யாரும் துணி கொண்டுவர மாட்டார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் என் புருஷன் ரங்கெல் ஜெர்மனியில் கட்டட வேலை செய்கிறார்; நாலாவது மாடிச் சாரத்தில் நிற்கிறார். அவர் பத்திரமாகத் தரைக்கு இறங்குகிற வரைக்கும் "எனக்கு நம்பிக்கை கிடையாது" என்பதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் கத்தரிக்கோலையும் கட்டி வைத்தேன். தையல் மெஷின்மேல் போர்வையைப் போட்டு மூடினேன். வீட்டில் நானும் நாய் முர்ஜோவும்தான்.

இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டியைப் பிய்த்துக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வெலிக்காவின் அலறல் கேட்டது.

"ஐயோ, அஞ்சு போச்சே! அஞ்சும் முட்டை போடுற கோழியாச்சே!"

நான் வெளியே ஓடினேன். அதே நேரம் முர்ஜோ அவர்கள் பக்கத்திலிருந்து வேலி இடுக்கு வழியாக நொண்டிக்கொண்டே வந்தான். மரம் ஏற்றுகிற லாரி ஒன்று மோதியதிலிருந்து அவனுக்குப் பின்னங்கால் ஒன்று தரையில் படாது. வாயில் ஒரு கோழி இறக்கை. அதை என்னமோ எனக்குப் பரிசு மாதிரி என் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டினான். ஊரில் எத்தனையோ நாள் இருக்க, அன்றைக்குத்தானா அவன் எனக்குச் சீர் கொண்டுவர வேண்டும்!

அவனுக்குப் பின்னாலேயே வெலிக்காவின் புருஷன் ஸ்தாமென் வந்தார். வேட்டைக்காரர் என்று ஊரில் பெயர். இருபது வருஷமாகத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போய்க் காளான் பறித்துக்கொண்டு வருகிறார்.

"நெவேனா, பாத்தியா? கையும் களவுமா மாட்டிக்கிட்டான் உன் பிள்ளை."

"கிடந்த இறக்கையைத் தூக்கிட்டு வந்திருக்கான் அண்ணே. கொன்னது இவன்தான்னு யார் பாத்தா?"

"வாயில ரத்தம். இதுக்கு மேல என்ன பாக்கணும்? கோழி ரத்தம் ருசி பாத்த நாயி அதை மறக்காது. இன்னைக்கு என் வீடு, நாளைக்கு ஊர். இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியும்."

தெரியும். அப்படிப்பட்ட நாயைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது ஆள் மட்டும் வருவான்.

வெலிக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள். மழையில் என் துணிகளை எடுத்து உள்ளே போடுகிற மனுஷி. அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த அஞ்சு நாள்ல கடைசி நாளுக்கே நொண்டி நாள்னுதான பேரு. நொண்டி ஓநாய்தான் எல்லாத்துலயும் பொல்லாததுன்னு சொல்லுவாங்க. உன் வீட்டுல ஒரு நொண்டி நாயி. வேற என்னடி சொல்ல?" என்று முணுமுணுத்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, "ஆனா ஓநாய் நாள்ல துப்பாக்கி வெடிக்கக்கூடாது. ரத்தம் சிந்தக்கூடாது" என்றாள்.

"சரி, சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்றார் ஸ்தாமென், பல் பிடுங்கப் போகிறவரைப் போல.

ஆக, எந்த நாளை நான் வருஷா வருஷம் மனசுக்குள் கிண்டல் செய்தேனோ அந்த நாள்தான் என் நாய்க்கு வெள்ளிக்கிழமை வரை உயிர் கொடுத்தது. எனக்கு வேலையும் இல்லை. ஆத்திரம் மட்டும் நிறைய இருந்தது.

முதலில் செத்த கோழிகளைப் பார்க்கலாம் என்று போனேன். சாட்சிகள் ஐந்தும் அதற்குள் வெலிக்காவின் சூப் பானையில் கொதித்துக்கொண்டிருந்தன.

"வீணாக்கச் சொல்றியா?" என்றாள்.

"தலையெல்லாம் எங்கக்கா?"

"திருகிக் குப்பை மேட்டுல போட்டேன். எதுக்கு?"

குப்பை மேட்டில் குந்தி உட்கார்ந்து தலைகளைப் பொறுக்கினேன். என் அப்பா வீட்டில் வாத்தும் கோழியும் எப்போதும் முப்பதுக்குக் குறையாது. திருடர்களும் குறைய மாட்டார்கள். நரி வந்தால் கோழி அங்கே இருக்காது; தூக்கிக்கொண்டு போய்விடும், வழியெல்லாம் இறகு சிந்தியிருக்கும். பருந்து பகலில் வரும். ஒரே இடத்தில் உட்கார்ந்து இறகைப் பிய்த்துக் குவிக்கும். நாய் முதுகைக் கவ்வி உதறும். கோழி கந்தலாகக் கிடக்கும். இங்கே ஐந்தும் கூட்டுக்குள்ளேயே, உடம்பு கலையாமல், வரிசையாகச் செத்துக் கிடந்தன என்று வெலிக்காவே சொன்னாள். ஒன்றுக்கு மட்டும் இறக்கை இல்லையாம். தலையோடு ஒட்டியிருந்த ஒவ்வொரு கழுத்திலும் இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன.

தையல்காரியிடம் வேறெது இல்லாவிட்டாலும் அளவு நாடா இருக்கும். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் அளந்தேன். ஐந்து தலையிலும் ஒன்றேகால் சென்டிமீட்டர். வீட்டுக்கு வந்து முர்ஜோவின் வாயைத் திறந்து கோரைப்பல் இரண்டுக்கும் நடுவில் நாடாவை வைத்தேன். நாலு சென்டிமீட்டர். அவன் நாடாவை நக்கினான்.

நாடாவோடும் கோழித் தலையோடும் ஸ்தாமென் முன்னால் போய் நின்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாயிக்குக் கோட்டு தைக்கப் போறியா நெவேனா? காலர் அளவும் எடுத்துக்கோ."

"இது பூனை அளவு இருக்கிற மரநாயி கடிச்ச கடி அண்ணே. வேட்டைக்காரர் நீங்க. இதைக்கூட நான் சொல்லணுமா?"

"மரநாயி கூரைப் பக்கமாத்தான் வரும். அங்க ஏது வழி? கதவைத் தாழ் போட்டிருக்கு. கீழ் பலகைதான் உளுத்துப்போயி இடுக்கு விட்டிருக்கு. அதுக்குள்ள உன் நாயி நுழையும். வேற வழியே இல்ல. ஏன் வெலிக்கா, இருக்கா?"

வெலிக்கா பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். "எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

எனக்கு மண்டைக்குள் சூடு ஏறியது. "அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. முர்ஜோவ உங்க வீட்டுலயே கட்டிப் போடுங்க. பூட்டும் உங்களது, சாவியும் உங்க பையில. அவன் கட்டிக் கிடக்கும்போது கோழி செத்தா அவன் கொல்லலன்னு ஒத்துக்கணும்."

"சாகலன்னா?"

நான் அதை யோசிக்கவில்லை. கோபக்காரிக்குப் புத்தி ஒரு அடி பின்னால்தான் வரும். "சாகலன்னா உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பகலில் அவர்கள் முற்றத்து வால்நட் மரத்தில் முர்ஜோவைக் கட்டினார் ஸ்தாமென். சங்கிலி கோழிக்கூட்டுக் கதவு வரை எட்டாது. அடி வைத்து அளந்து பார்த்தார். நான் திரும்பி நடந்தபோது முர்ஜோ குரைக்கவில்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன், எடுக்கத் திரும்பி வருவேன் என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டில் அவன் தட்டு காலியாகக் கிடந்தது. ரங்கெல் போன் செய்தபோது நாய் தூங்குகிறது என்று பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை ஸ்தாமென் வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஒரு கோழியும் சாகல. உன் நாயி ராத்திரி பூராக் குரைச்சுத் தூங்கவும் விடல. வழக்கு முடிஞ்சுபோச்சு."

"இன்னொரு ராத்திரி பாருங்க அண்ணே."

"எத்தனை ராத்திரி பாத்தாலும் கட்டிக் கிடக்கிற நாயி எப்படிக் கொல்லும்?" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

என் கையால் என் நாய்க்குக் குழி தோண்டிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. கோழி செத்தால் என் நாய் பிழைக்கும். பாவப்பட்ட கோழி சாகட்டும் என்று காலையில் எழுந்து வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்திருந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் அவர் சொன்ன மற்ற வார்த்தை காதில் திரும்ப விழுந்தது. ராத்திரி பூராக் குரைத்தான். முர்ஜோ சோம்பேறி. தபால்காரர் அவன் காலை மிதித்தால்கூடக் குரைக்க யோசிப்பான். யாரைப் பார்த்து ராத்திரி பூராக் குரைத்தான்?

பகல் மூன்று மணிக்கு ஒரு வாளி சாம்பலும் மாவுச் சல்லடையுமாக அவர்கள் முற்றத்துக்குப் போனேன். முர்ஜோவுக்குச் சோறு வைத்தேன். கோழிக்கூட்டுக் கதவடியில் சாம்பலைச் சலித்துத் தூவினேன். பிறகு கூட்டின் பின்பக்கம் போனேன். அங்கே சுவரோடு சுவராகக் கூரை வரைக்கும் விறகு அடுக்கியிருந்தது.

வெலிக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "அங்க எதுக்குடி? அங்க ஒண்ணும் இல்ல. விறகு சரிஞ்சு விழும்."

"சாம்பல்தானக்கா. விறகுக்கு வலிக்காது."

"கதவுல போட்டது போதாதா?"

"எதுக்கு இப்படிப் பதறுறீங்க?"

அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை. உள்ளே போய்விட்டாள். நான் விறகின் உச்சியில் போட்டிருந்த நீளப் பலகை முழுக்கச் சாம்பல் தூவிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை. நொண்டி நாள். கடைசி நாள். விடிந்ததும் போனேன். ஸ்தாமென் கோழிகளை எண்ணிவிட்டு, "ஒம்பதும் இருக்கு. சேவலும் இருக்கு" என்றார். கதவடிச் சாம்பல் நான் தூவினபடியே கிடந்தது. ஒரு எலிகூட நடக்கவில்லை. நான் விறகு அடுக்கின்மேல் ஏறினேன். நாற்பத்தேழு வயதில் விறகு ஏறுவது அவ்வளவு அழகான காட்சி இல்லை. ஸ்தாமென் அதையும் விட்டுவைக்கவில்லை.

"பாத்து நெவேனா, உச்சில முட்டை கிட்டை இருந்தா எடுத்துட்டு வா."

"நீங்க ஏறி வாங்க அண்ணே. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் சிரிப்பை விட்டுவிட்டு ஏறினார். பலகைச் சாம்பலில் அச்சு அச்சாகத் தடம். இரண்டிரண்டாக, தாவித் தாவி வந்த தடம். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்.

"நாயிக்கு எத்தனை விரல் பதியும்?" என்றேன்.

"நாலு" என்றார். இதையாவது அவர் மறக்காமல் இருந்தது எனக்கு ஆறுதல்.

"முர்ஜோ நடந்தா மூணு காலுதான் பதியும். இது ஜோடி ஜோடியா விழுந்திருக்கு. இன்னும் பாருங்க, எங்க வந்து நிக்குது."

தடம் கூட்டின் சுவருக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றிருந்தது. அங்கே சாம்பல் கலைந்திருந்தது. பிறகு அதே வழியாகத் திரும்பிப் போயிருந்தது. நான் கீழே முற்றத்தைக் காட்டினேன். வால்நட் மரத்திலிருந்து சங்கிலி விறைப்பாக நின்றது. கதவுப் பக்கம் இல்லை, விறகுப் பக்கம். சங்கிலி எட்டுகிற கடைசி இடத்தில் மண் பிறை மாதிரி ஒரு சாண் ஆழத்துக்குப் பறிக்கப்பட்டிருந்தது. மூன்று காலால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பறித்திருந்தான். அந்தக் குழியிலேயே இப்போது தூங்கிக்கொண்டிருந்தான், நாக்கில் மண்ணோடு.

"ரெண்டு ராத்திரியும் மரநாயி வந்திருக்கு. அவன் இருந்ததால உள்ள நுழையல. அதுக்குத்தான் நீங்க அவனைக் கொல்லப் போறீங்க." பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

"உள்ள நுழைய வழி எங்க இருக்கு?" என்றார் ஸ்தாமென், இன்னும் விடாமல்.

சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் பழைய சாக்கு ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. பிடித்து இழுத்தேன். பின்னால் கம்பி வலை கிழிந்து, இரண்டு முஷ்டி அகலத்துக்கு ஓட்டை. கம்பி நுனியில் பழுப்பு மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது. கூடவே கோழி இறகு இரண்டு. ஒரு கோழியை வெளியே இழுக்கப் பார்த்து, இறக்கை மட்டும் பிய்ந்து விறகடியில் விழுந்திருக்கிறது. என் மடையன் அதைத்தான் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"இந்தச் சாக்கை யாரு வெச்சா?" என்று கேட்டார் ஸ்தாமென்.

கீழே வெலிக்கா நின்றிருந்தாள்.

"நான்தான்" என்றாள். "ஆகஸ்ட்லேர்ந்து சொல்றேன், வலை கிழிஞ்சிருக்குன்னு. பிளம் பறிக்கட்டும்ன. அப்புறம் சாராயம் காய்ச்சட்டும்ன. அப்புறம் ஓநாய் நாள் வந்துருச்சு, குறட்டைத் தொடக்கூடாதுன்னு நீதான சொன்னன்னு என்னையே திருப்பின. நான் சாக்கைத் திணிச்சு வெச்சேன், அதோட நீ ஓட்டையையே மறந்துட்ட. செவ்வாய்க்கிழமை காலையில பாத்தா சாக்கு உள்ள விழுந்து கிடந்துச்சு. திரும்ப எடுத்து வெச்சிட்டுத்தான் கத்துனேன்."

"தெரிஞ்சே சும்மா இருந்தியா?" என்றார் அவர்.

"ஓட்டைன்னு வாயைத் தொறந்தா ஓட்டை என்னோடதாயிடும். இந்த வீட்டுல எப்பவும் அப்படித்தான். நாயி மேல போட்டா, நாயி திருப்பிப் பேசாதுல்ல?"

ஸ்தாமென் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு, "இன்னைக்கு நொண்டி நாள். கம்பி வெட்ட முடியாது. நாளைக்கு..." என்று இழுத்தார்.

"அண்ணே," என்றேன், "வாயைத் தொறக்காத சாமான் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரு சுத்தியல்."

வெலிக்கா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அவளுடைய பெரிய வட்டத் தட்டு இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பாலாடைக்கட்டி வைத்துப் பனிட்சா அடை சுடுகிற தட்டு, அவள் கல்யாணத்தில் அம்மா வீட்டிலிருந்து வந்தது. அதை மேலே நீட்டினாள். ஸ்தாமென் அதை ஓட்டையின்மேல் வைத்து ஆறு ஆணி அடித்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை தள்ளிப்போட்ட வேலை. அப்புறம் கதவடிக்கும் ஒரு பலகை அடித்தார், கேட்காமலே.

பூட்டைத் திறந்தபோது முர்ஜோ எழுந்து, மேலே தட்டை ஒரு தரம் பார்த்து, உடம்பை உதறிவிட்டு எனக்கு முன்னால் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை விடியற்காலை சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஸ்தாமெனின் பூட்ஸ். எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தும் சும்மா படுத்திருக்க முடியவில்லை. எழுந்து போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். வந்தது வெலிக்கா. அவசரத்தில் புருஷன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு கையில் அவித்த முட்டை, இன்னொரு கையில் சிவப்பு நூல். ஐந்து நாள் அவள் கத்தரிக்கோலைக் கட்டியிருந்த நூல்.

முர்ஜோவின் முன்னால் குந்தி உட்கார்ந்து அதை அவன் கழுத்தில் கட்டினாள். ஒரு தரம் இழுத்துப் பார்த்து, தளர்த்தி மறுபடி முடிந்தாள்.

"ரெண்டு நாளும் காலையில நான்தான் அவனுக்கு ரொட்டி போட்டேன்" என்றாள், என்னைப் பார்க்காமல். "எனக்கு வாலை ஆட்டுனான். நீ அந்தச் சாக்கை இழுக்கலன்னா, இன்னைக்கு இவரு துப்பாக்கியை எடுக்கும்போதாவது நான் வாயைத் தொறந்திருப்பேனான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். தெரியல நெவேனா. சத்தியமா தெரியல."

ஐந்து நாளாக அவளைத் திட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்தது ஒரு மூட்டை இருக்கும். வாயைத் திறந்தேன். முர்ஜோ முட்டையைத் தின்றுவிட்டு அவள் கையை நக்கிக்கொண்டிருந்தான்.

"உள்ள வாங்கக்கா, குளிருது" என்றேன். "காப்பி போடறேன். குடிச்சிட்டு உக்காருங்க, உங்களைத் திட்டணும்."

அவள் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, திட்டு வாங்க உள்ளே வந்தாள்.